பாய்லருக்குப் போகாத மரம்

எங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அப்பா கேட்டார். மாதிரிக்கு என்று மற்ற வீடுகளில் கொடுத்த நினைவு மலர்கள் சிலவற்றையும் கையில் திணித்தார். எல்லாவற்றிலும் அம்மாக்கள் பொறுமையின் சிகரமாக இருந்தார்கள், அதிர்ந்து பேசாதவர்களாக இருந்தார்கள். எங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் இதைப் படிக்கும் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அம்மா அதிர்ந்துதான் பேசுவார். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. உப்பு வாங்கி வரச் சொன்னால் தெருமுனைக் கடைக்காரர் நான் போவதற்கு முன்பே பாக்கெட்டை எடுத்து வைத்திருப்பார்.

அம்மா பிறந்தது உடுமலைப்பேட்டைப் பக்கம், ஒரு தறிக்காரக் குடும்பத்தில். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி வீட்டில் சொத்து என்றால் ஒரு கைத்தறி, சுவரில் முருகன் படம், அம்மா, அம்மாவுக்கு இளையவரான எங்கள் காங்கேயத்து மாமா. அப்புச்சிக்குப் பார்வை மங்கியதும் அம்மாவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தறியில் உட்கார்ந்தார். மாமா படிக்கட்டும் என்று சொன்னதும் அம்மாதான். அதை மாமா இன்றும் யாரிடமும் மறைப்பதில்லை.

கல்யாணமாகித் திருப்பூர் வந்தபோது அப்பா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு அறை. நான் பிறந்து கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் அம்மாவும் அதே கம்பெனியில் சேர்ந்தார். முதலில் தைத்த பனியனை மடித்து அடுக்கும் வேலை. அப்புறம் கட்டிங் பிரிவில் எண் ஒட்டும் வேலை. அங்கேதான் அம்மா அந்த மிஷினைப் பார்த்தார். பேண்ட் நைஃப் என்பார்கள். மேசை நடுவில் நாடா போன்ற ஒரு கத்தி மேலிருந்து கீழாக நிற்காமல் ஓடும். கனமாக அடுக்கிய துணியைக் கையால் தள்ளித் தள்ளித் திருப்பி, கழுத்து வளைவும் கை வளைவும் வெட்ட வேண்டும். கம்பி வலைக் கையுறை போட்டுக்கொண்டு ஆண்கள்தான் அதில் நிற்பார்கள்.

ஒருநாள் வெட்டுகிறவர் வரவில்லை. வாசலில் கண்டெய்னர் நிற்கிறது. அம்மா போய்க் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“ஏனுங்க, உங்களுக்கு இது தெரியுங்களா?” என்று சூப்பர்வைசர் பதறினாராம்.

“தெனமும் பாத்துக்கிட்டுத்தானுங்க நிக்கறேன். கெட்டுப்போச்சுன்னா மொத அடுக்குலயே தெரிஞ்சுரும். அப்ப என்னையப் புடிச்சு வெளிய தள்ளுங்க.”

யாரும் தள்ளவில்லை. அன்றிலிருந்து அந்த மிஷின் அம்மாவுடையது. மதியச் சாப்பாடு கொடுக்கப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அடுக்குத் துணி அம்மா கையில் வாத்து மாதிரி மிதந்து திரும்பும். கத்தி இருந்த இடத்திலேயே ஓடும், அம்மாவும் நகரமாட்டார், துணி மட்டும் வளைந்து வளைந்து போகும். எனக்குத் தெரிந்து அதைவிட அழகாக யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. நான் ஆடை வடிவமைப்புப் படித்ததே அந்த ஜன்னலால்தான்.

பிறகு கம்பெனிக்குத் தானாகவே வெட்டும் கணினி மிஷின் வந்தது. அம்மா அதைத் திட்டவில்லை. “அப்படிச் சுத்தமா வெட்டுதுங்க அது” என்று வீட்டில் வந்து புகழ்ந்தார். ஆனால் தனக்குச் செக்கிங் டேபிள் கொடுத்ததும் சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். “நின்னு வேடிக்க பாக்கறதுக்கு எதுக்குங்க சம்பளம்” என்பது அம்மா சொன்ன காரணம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்திருந்த ஷெட்டுக்கு லேத் அண்ணாச்சி குடிவந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கட்டில் கால், ஊஞ்சல் தூண், சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைந்து கொடுப்பவர். அவருக்கு மரக் கிண்ணங்கள் செய்துதரச் சொல்லி ஓர் ஆர்டர் வந்திருந்தது. கிண்ணம் கடைவது அவருக்குச் சுலபம். அதற்கு முன்னால் அடிமரத்தை அறுத்து, லேத்தில் பிடிக்கிற மாதிரி கனமான வட்டக் கட்டைகளாக வெட்ட வேண்டும். அது அவருக்குப் பெரும்பாடு. அவர் வெட்டிய வட்டத்துக்கு எட்டு மூலை இருந்தது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை. உள்ளேயே போய்விட்டார். அங்கே மரம் அறுக்கும் நாடா வாள் மிஷின் நின்றது.

“அண்ணாச்சி, இது எங்க பேண்ட் நைஃபு தானுங்களே! பல்லு மொளச்சிருக்குது, அவ்வளவுதானுங்க.”

“யக்கா, துணி கத்தாது. மரம் கத்தும். பயந்துருவிய.”

“எங்கூட்டுக்காரரு கத்தறதுக்கே நான் பயந்ததில்லீங்க. சித்த தள்ளி நில்லுங்க.”

அம்மா வெட்டிய முதல் வட்டத்தை அண்ணாச்சி கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் தன் எட்டு மூலைகளை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டார்.

ஆனால் அம்மா எடுத்த எடுப்பில் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அம்மா செய்தார். ஒரு நல்ல வேப்ப மரம் வந்து இறங்கியது. அம்மா அதைத் தொடவே இல்லை. வாசலில் போட்டு வைத்தார்.

“என்னக்கா, கட்டை சும்மா கெடக்கு?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“ரிலாக்ஸ் ஆகட்டுமுங்க. ரோல்ல இருந்து வந்த உடனே வெட்டுனா சுருங்கிப் போயிருமுங்க.”

பனியன் துணிக்கு அதுதான் முறை. ரோலில் இழுத்துச் சுற்றிய துணியைப் பிரித்து உதறி, ஒருநாள் ஆறப்போட்டு, அது சுருங்குகிற அளவு சுருங்கிய பிறகே வெட்ட வேண்டும். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பச்சை மரத்துக்கு நேர் எதிர். மரத்தை அறுத்துப் போட்டால் வெட்டு முகத்தின் வழியாக ஈரம் ஓடிவிடும். நடுமத்தியானம் அனல்காற்றில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து பட்டை வரைக்கும் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு.

அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரிலாக்ஸ் ஆயிட்டுதுக்கா. வாயத் தொறந்துக்கிட்டே தூங்குது.”

அடுத்த மரத்தை, அது வந்த அன்றே அம்மா வெட்டினார். ஆனால் இந்த முறை வேறு தப்பு. மரத்தின் வளையங்களுக்கெல்லாம் நடுவே ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டும் அதைச் சுற்றிய சதையும் கிண்ணத்துக்குள் வரக்கூடாது, நடுப்பகுதியைப் பலகையாக அறுத்துத் தள்ளிவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். அம்மாவுக்கு அது ஏறவே இல்லை.

“நடுவுல இத்தனையத் தூக்கிப் போட்டா வேஸ்டேஜ் என்னாகறதுங்க? எங்க கம்பெனில இப்படி வெட்டுனா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க.”

துணியில் ஒரு விரல் இடம்கூட வீணாகாமல் பீஸ்களை நெருக்கி வரைந்து பழகிய கை. மரத்திலும் அப்படியே நெருக்கி வரைந்தது. எல்லாக் கிண்ணத்துக்கும் நடுவில் பொட்டு உட்கார்ந்தது. காய்ந்ததும் எல்லாக் கிண்ணமும் அடியில் பிளந்தது. அண்ணாச்சி ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். “யக்கா, நல்ல வடிகட்டியா செஞ்சிருக்கிய.”

அன்று ராத்திரி அம்மா உடைந்த கிண்ணத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். திடீரென்று அப்பாவிடம் கேட்டார்: “ஏனுங்க, ஒரு ஆளு பனியன் போட்டிருக்கறாரு. பனியன் சுருங்குது. உள்ள இருக்கற ஆளு சுருங்கல. என்னாகும்?”

“கிழியும். வேறென்ன?”

“அதேதானுங்க! அந்த ஆள வெளிய எடுத்தறோணும்.”

அவ்வளவுதான். பொட்டுதான் அந்த ஆள். அதற்குப் பிறகு அம்மா வெட்டிய கட்டை வெடித்ததாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. மரம் வந்த அன்றே துண்டு போடுவார். பொட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு போட்டு நடுப்பலகையை எடுத்துவிடுவார். மிச்சம் கிடைக்கும் இரண்டு பாதிகளில் பிளைவுட் வட்டத்தை வைத்து வரைந்து, நாடா வாளில் மூலைகளைக் கழிப்பார். வெட்டு முகங்களில் மெழுகை உருக்கிப் பூசி ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடுவார். அந்த மெழுகு அண்ணாச்சி போகும் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகள். பூசி முடித்ததும் அம்மா மேலே கொஞ்சம் விபூதியும் தூவிவிடுவார். “எங்க ஆளுக்கும் பங்கு வேணுமுல்லங்க” என்பார்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் வைத்தியம். ஊசி போட்டால் அடுத்த சில நாட்கள் படுக்கை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுவார். எழுந்து நிற்கிற நேரத்துக்கு அடுத்த ஊசி வந்துவிடும். முடி கொட்டியதற்கு அம்மா கவலைப்படவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போனதற்குத்தான் கலங்கினார். தீக்குச்சி விரலில் நிற்காது. சேலை மடிப்பு கையில் பிடிபடாது. “எப்பவும் கிளவுஸ் போட்ட மாதிரியே இருக்குது கண்ணு, கழட்டவே முடியல” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மா குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அபூர்வம்.

அந்த ஆடிக் காற்றில் ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை வளாகத்தில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. எங்கள் ஊரில் சாய்ந்த மரம் எங்கே போகும் என்பது தெரிந்ததுதான். சாயப்பட்டறைக்குள்ளேயே பாய்லர் இருக்கிறது. நீராவிக்கு விறகு வேண்டும். கிளைகளை அறுத்து உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வழியாக வந்த அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் மனசு கொஞ்சம் லேசாகட்டும் என்று சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னார்.

“கவட்டை இருக்குதுங்களா?” என்று அம்மா படுத்தபடியே கேட்டார்.

“அடிமரம் ரெண்டாப் பிரியுற எடந்தானக்கா? இருக்கு. யானை நிக்க மாதிரி கெடக்கு.”

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். முன்பு ஒரு கொய்யாக் கவட்டையைப் பிளந்தபோது இரண்டு கிளையும் சேர்கிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு இறகு மாதிரி ரேகை தெரிந்ததாம். அதை அம்மா மறக்கவே இல்லை. கொய்யாவில் விரல் நீளம் என்றால் யானை நிற்கிற மாதிரி கிடக்கும் மரத்தில் எவ்வளவு இருக்கும்? அதைத் திறந்து பார்க்க வேண்டும். அதுவும் அடுத்த ஊசிக்கு முன்னால். அந்தச் சில நாட்களில் மட்டும்தான் அம்மாவால் நிற்க முடியும். அதற்குப் பிறகு ஒன்று மரம் பாய்லருக்குள் போயிருக்கும், இல்லையென்றால் வெடித்திருக்கும்.

அப்பா ஒரே பேச்சாக மறுத்தார். “உனக்கென்ன பைத்தியமா அம்மிணி? ஒடம்பு தேறட்டும். ஊர்ல மரமா இல்ல?”

“மரம் இருக்குதுங்க. நான் இருக்கோணுமுல்லங்க.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் வண்டியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “எந்தப் பட்டறைன்னு அண்ணாச்சிகிட்டக் கேளு கண்ணு” என்று என்னிடம் சொன்னார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். தலையில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்மணி மரத்துக்காக வந்திருப்பதைப் பார்த்துப் பட்டறை மேனேஜர் குழம்பிவிட்டார்.

“ஏனுங்க, இது வெறகுதானுங்களே. இத வெச்சு என்னுங்க பண்ணப் போறீங்க?”

“உங்குளுக்கு எரியோணும், அவ்வளவுதானுங்க? எரியறதுக்கு நாங்க வேற தர்றோமுங்க. இத எங்குளுக்குக் குடுத்துருங்க.”

வேறு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அம்மா அங்கேயே நின்று போன் போட்டார். காங்கேயத்தில் மாமா தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். “ஏஞ்சாமி, உங்கிட்டத் தேங்காத் தொட்டி எவ்வளவு கெடக்குது?” என்றார். மாமா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் லாரி நிறையக் கொட்டாங்குச்சி சாயப்பட்டறையில் இறங்கியது. அதே லாரியில் மரம் ஏறியது. “நல்லா எரியுமுங்க இது, எங்குளுக்குத்தான் லாபம்” என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அண்ணாச்சி ஷெட்டில் மரம் இறங்கியதும் அம்மா அதைச் சுற்றி நடந்தார். பட்டையில் கை வைத்தார். பிறகு நாடா வாள் மிஷின் பக்கம் போய்க் கம்பி வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, சிறிய துண்டு ஒன்றை மேசையில் வைத்துத் தள்ளிப் பார்த்தார். மிஷினைப் போடவில்லை. சும்மா தள்ளிப் பார்த்தார். இன்னொரு முறை தள்ளினார். அம்மா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வெரலு சொல்ல மாட்டீங்குது அண்ணாச்சி. தல சுத்துனாலும் தூக்கம் வந்தாலும் எங்க செக்சன்ல ஒருத்தரையும் நான் மிஷின்ல நிக்க உட்டதில்ல. எனக்கு மட்டும் தனிச் சட்டமுங்களா? நான் கோடு போடறேன். நீங்க வெட்டுங்க.”

எங்களிடம் எப்போதும் வம்புக்கு வரும் அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

அடிமரப் பக்கத்து முகத்தில் ஒரு பொட்டு. கவட்டைப் பக்கத்து முகத்தில் இரண்டு கிளைக்கும் ஒவ்வொன்றாக இரண்டு பொட்டு. அம்மா தையல் கோன் நூலை நீலத்தில் முக்கி எடுக்கச் சொன்னார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அப்பா பிடித்தார். இரண்டு பொட்டையும் தொட்டுக்கொண்டு நூல் போக வேண்டும் என்றார். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

“யக்கா, பொட்டு மேலயே வெட்டச் சொல்லுதியளே! ரெண்டு பக்கமும் தள்ளி வெட்டி நடுவத் தூக்கிப் போட்டாத்தான நிக்கும்? நீங்க கண்டுபிடிச்ச கணக்குதான அது?”

“அது ஒத்த மரத்துக்குங்க. இது ரெண்டு மரம் ஒண்ணாச் சேந்த எடமுங்க. சேந்த எடத்துலதானுங்க எல்லாம் இருக்கும். தள்ளி வெட்டுனீங்கன்னா அது தூளாப் போயிரும்.”

“வெடிச்சிட்டுன்னா?”

“வெடிச்சா வெறகுங்க. வெறகாத்தானுங்க வந்துச்சு.”

அண்ணாச்சி சங்கிலி வாளை எடுத்தார். அம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டு, அடிமரப் பக்கம் நின்றுகொண்டு வாளின் சாய்வையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் பக்கமாச் சாயுது! நிமித்துங்க! அட, நிமித்துங்கன்னா!” சங்கிலி வாள் சத்தத்துக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. பல நாள் கழித்து அந்தக் குரல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. மரத்தூள் பொடியாக வரவில்லை. நார் போக்கில் போன வாள் நீள நீளமான இழைகளாகக் கக்கியது. கட்டிங் டேபிளுக்கு அடியில் பனியன் வேஸ்ட் குவிவது மாதிரி அண்ணாச்சியின் முழங்கால் வரை குவிந்துவிட்டது. பச்சை மரத்தின் வாசனை ஷெட்டை நிறைத்தது.

வாள் மறுபக்கம் வந்து சேர்ந்தது. இன்னும் சில நார்கள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தார். மரம் முனகியது. அப்பா ஒரு பக்கம், மாமாவின் லாரி டிரைவர் ஒரு பக்கம் பிடித்து இரண்டு பாதிகளையும் புத்தகம் மாதிரி விரித்தார்கள்.

நான் நிறையப் பேசுகிறவள். அதை உங்களில் பலர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அன்று பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். ஈரம் பளபளக்கும் பழுப்பு மரத்தில், கவட்டையின் இடுக்கிலிருந்து கீழே அடிமரம் வரைக்கும் ஒரு முழுத் தோகை விரிந்திருந்தது. ஓர் ஆள் உயரத் தோகை. நடுத்தண்டு கருப்பு. இரண்டு பக்கமும் பொன்னும் கருப்புமாக இழை இழையாகப் பிரிந்து, ஒவ்வொரு இழையும் நுனியில் சுருண்டிருந்தது. நாங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்வது மாதிரி வெளிச்சம் அதன் மேல் ஓடியது. எதிர்ப் பாதியில் அதே தோகை, கண்ணாடியில் தெரிவது மாதிரி. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் சாயப்பட்டறை ஆட்கள் டீ குடித்திருப்பார்கள், சைக்கிள் சாய்த்திருப்பார்கள். உள்ளே இது இருந்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்கு என்று இல்லாமல், இருட்டில், இவ்வளவு கச்சிதமாக.

“முருகா” என்றார் அப்பா. “இதையுங்களா அடுப்புல போட இருந்தாங்க?” என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி வாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். “யக்கா, நான் சின்னப் புள்ளையில இருந்து மரத்தோட கெடக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல.”

அம்மா மரத்தருகே மண்டி போட்டு உட்கார்ந்தார். கையை வைத்தார். எடுத்தார். விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, தோகையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஸ்கார்ஃப் நழுவியதைச் சரிசெய்யவில்லை. “சில்லுன்னு இருக்குதுங்க” என்றார்.

அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தார். அழுதுகொண்டு உட்கார அம்மாவுக்கு நேரமில்லை, மரம் காய்ந்துகொண்டிருந்தது. தோகை இருக்கும் இரண்டு பாதியையும் ஆழமான கிண்ணமாகக் குடைந்தால் ரேகை போய்விடும் என்பதால், அவற்றின் நடுவிலிருந்து அகலமான இரண்டு தாம்பாளத் தட்டுகளுக்கு வட்டம் போட்டார். மிச்ச அடிமரம் முழுக்கக் கிண்ணங்களுக்கு. அங்கே பழைய கணக்குதான். பொட்டைத் தள்ளி, நடுவை எடுத்து, பிளைவுட் வட்டங்களை இப்படியும் அப்படியும் நகர்த்தி, சாக்பீஸை நான்கு விரலாலும் முஷ்டி பிடித்து வரைந்தார். கோடு கோணவில்லை. அண்ணாச்சி வெட்டினார். அப்பா மெழுகு உருக்கினார். நான் பூசினேன். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஷெட் முழுக்க வட்டக் கட்டைகள். அம்மா எல்லாவற்றின் மேலும் விபூதி தூவினார்.

அடுத்தடுத்த நாட்களில் அண்ணாச்சி அவற்றை ஈரத்தோடு கனமாகக் கடைந்து வைத்தார். அப்படிக் கடைந்ததை நிழலில் வைத்து ஆறவிட்டு, காய்ந்த பிறகு மறுபடி கடைந்தால்தான் கிண்ணம் நிற்கும்.

“எப்ப அண்ணாச்சி முடியும்?” என்று அம்மா கேட்டார்.

அண்ணாச்சி “ஆவும்க்கா, ஒரு வருசம் போல” என்று லேத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா சிரித்தார். “அப்ப எனக்கு வருசம் கும்புடறதுக்குச் சரியா இருக்குமுங்க. வர்ற சனத்துக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா குடுத்துப்போடாதீங்க. எல்லாரூட்டுப் பரண்லயும் அதுதான் கெடக்குது. இத குடுங்க.”

“வாயக் கழுவு” என்று அப்பா கத்தினார்.

“கத்தாதீங்க. மரம் வெடிச்சுரும்” என்றார் அம்மா.

தை பிறப்பதற்குள் அம்மா போய்விட்டார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. ஏதாவது சத்தம் கேட்டால் கண்ணால் கீழே காட்டுவார். நான் குனிந்து பார்த்து, “ஒண்ணும் வெடிக்கலம்மா” என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

அம்மா போன பிறகு அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, இடம் மாற்றி வைப்பார். சித்திரை வெயிலில் மேலே ஈரச் சாக்கு மூடினார். மரம் காய்கிறபோது வளைந்தது, முட்டை வடிவத்துக்கு இழுத்தது, ஒன்றிரண்டு கைவிட்டுப் போயின. தட்டுகள் இரண்டைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். பொட்டின் மேலேயே வெட்டியவை அவை. அண்ணாச்சி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போவார்.

அவை வெடிக்கவில்லை. போன மாதம் அண்ணாச்சி அவற்றை லேத்தில் ஏற்றி முடித்தார். எண்ணெய் பட்டதும் தோகை மறுபடி எழுந்து வந்தது. ஒரு தட்டு எங்கள் வீட்டில் அம்மா படத்துக்கு முன்னால் இருக்கிறது. இன்னொன்று அண்ணாச்சி வீட்டில் இருக்கிறது. அவர் வாங்க மாட்டேன் என்றார். அப்பா கொண்டுபோய் அவர் வீட்டு மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோவையில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், அம்மாவின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட செவிலியர் அக்காக்களுக்கும். காரணம் கேட்காமல் லாரி அனுப்பிய காங்கேயத்து மாமாவுக்கு. மரத்தைக் கொடுத்த மேனேஜருக்கு. லைன் வீட்டில் முறை வைத்துச் சோறு கொடுத்து எங்களைப் பட்டினி போடாத அத்தனை அடுப்புகளுக்கும். கூலி பற்றிப் பேச்சே எடுக்க விடாத லேத் அண்ணாச்சிக்கு. கடைசியில் அப்பாவுக்கு. அன்று வண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்ததற்கு.

இந்த மலரோடு உங்கள் கையில் இருக்கும் பையில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அந்த மரம்தான். கொதிக்கிற ரசம் ஊற்றாதீர்கள். கழுவினால் உடனே துடைத்து வையுங்கள். எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஷோகேஸில் பூட்டாதீர்கள், பொரியோ கடலையோ போட்டு நடுவீட்டில் வையுங்கள். எடுத்துச் சாப்பிடும்போது ஒருமுறை உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அந்த வழவழப்பை அம்மாவின் விரல்கள் அறியவில்லை. உங்கள் விரலுக்குத் தெரியும்.